ஆணி அடிக்க அனுமதி

தன் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டு என்னிடம் வந்தவர், என் முப்பத்து மூன்று வருட வேலையில் அவர் ஒருவர்தான். மனை அவருடையது. வீடு அவருடையது. ஆணியும் அவர் காசில் வாங்கியதுதான். என்னிடம் இருந்தது அந்த வீட்டின் பத்திரம் மட்டும். அது எங்கள் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் மற்றவர்களின் பத்திரங்களோடு கிடந்தது.

திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் இடையில் ஒரு சிற்றூரில், கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் ஒன்றில் நான் செயலாளராக இருந்தேன். ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் எழுதப் போவதில்லை. அவரைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை. கேட்க இப்போது வழியும் இல்லை.

"காலண்டர் மாட்டோணுமுங்க சார். ஒரே ஒரு ஆணி. முக்கால் இஞ்சுதான்."

கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். மேசையின் விளிம்பைப் பார்த்தபடி, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். 'அடிச்சுக்கோங்க, உங்க வீடுதானே' என்று நான் சொல்லியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் நான், "எந்தச் சுவத்துல?" என்று கேட்டேன்.

"கெழக்குச் செவுருங்க."

"இப்போதைக்கு வேண்டாம். பார்க்கலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். என்னைக் கேட்டு யாரும் எதுவும் செய்ததில்லை. சங்கத்தில் தலைவர் வைத்ததுதான் சட்டம். வீட்டில் என் மனைவியும் மகனும் முடிவு செய்துவிட்டு எனக்குத் தகவல் சொல்வார்கள். அந்த நிலையில் ஒரு மனிதர், ஆறடி உயரம், அகன்ற தோள், தேசம் முழுக்க லாரி ஓட்டியவர், என் முன்னால் நின்று ஓர் ஆணிக்கு அனுமதி கேட்கிறார். அது எனக்கு இனித்தது. வேறு காரணம் இல்லை.

அவர் நாமக்கல்லில் ஒரு முதலாளியிடம் டிரைவர். வடக்கே லைன், வட மாநிலங்களுக்கு லோடு ஏற்றிப் போவது. மாதத்தில் நாலைந்து நாள்தான் ஊரில் இருப்பார். வீடு கட்டி முடித்த வாரமே சங்கத்துக்கு வந்து என் மேசைமேல் ஒரு சாவியை வைத்துவிட்டார்.

"என்ன இது?"

"டூப்ளிகேட் சாவிங்க. ஊட்டுக்கு."

"எங்களுக்கு எதுக்குங்க?"

"வெச்சுக்கோங்க சார். நாளைக்குத் தவணை நின்னு போச்சுன்னா நீங்க பூட்டை ஒடைக்கோணும். எதுக்குப் பூட்டுக்குச் சேதாரம்?"

எங்கள் எழுத்தர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். லாரித் தொழிலை அறியாதவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் பக்கம் பைனான்ஸில் எடுக்கும் வண்டியின் மாற்றுச் சாவி பைனான்ஸ்காரரிடம் இருக்கும். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியிருக்கும். அதற்கு எச்.பி. என்று பெயர். தவணை நின்றால் ரோட்டிலேயே வண்டியை மடக்கி ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கடைசித் தவணை கட்டி எச்.பி. கேன்சல் ஆகிற நாள் வரைக்கும், ஓட்டுகிறவன் அந்த வண்டிக்கு ஓட்டுகிறவன் மட்டும்தான்.

வீட்டையும் அவர் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார். "எச்.பி. கேன்சல் ஆகாத வண்டிங்க சார் அது," என்பார். "நான் சும்மா உள்ளாற உக்காந்துட்டிருக்கறேன்."

இதற்கு ஒரு காரணம் இருந்தது. இளம் வயதில் அவரே ஒரு பழைய லாரியைப் பைனான்ஸில் வாங்கி ஓட்டியிருக்கிறார். இரண்டு தவணை தவறியது. ஒரு நாள் கிருஷ்ணகிரி தாண்டி டீ குடிக்க இறங்கியவர், திரும்பி வந்தபோது வண்டி இல்லை. தார்ப்பாய், அடுப்பு, மாற்றுத்துணி, பிள்ளைக்கு வாங்கிய கவுன் எல்லாம் வண்டியோடு போயிற்று. "டீ கிளாசுகூட கையில இருந்துச்சுங்க. அதைக் குடுக்கப் போனா, கடைக்காரன், 'வெச்சுக்கய்யா, உனக்கு வேற என்ன இருக்குது'ன்னான்," என்று சொல்லி அவரே சிரிப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் நமக்குத்தான் சிரிப்பு வராது.

பைனான்ஸ் லாரிகளில் கடன் கொடுத்தவர் பெயரை எழுதியிருப்பார்கள். அதுபோல் வீட்டு முகப்பில் சங்கத்தின் பெயரை எழுதட்டுமா என்று ஒரு முறை கேட்டார். எழுதுங்களேன் என்றேன், விளையாட்டாக. அடுத்த மாதம் அந்தத் தெருவழியாகப் போனபோது பார்த்தேன். லாரிக்குப் பெயர் எழுதும் பெயின்டரையே கூட்டிவந்து, மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல், இரண்டு பக்கமும் தாமரை வைத்து எங்கள் சங்கத்தின் பெயரை எழுதியிருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. எங்கள் தலைவர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். அதிலிருந்து எழுத்தர் அவருக்கு 'அனுமதி' என்று பெயர் வைத்துவிட்டார். "சார், அனுமதி வந்திருக்காரு," என்பார் வாசலைப் பார்த்து. நானும் அப்படிச் சொன்னதுண்டு.

அவர் கேட்டவை எல்லாம் நினைவிருக்கின்றன. கொல்லையில் முருங்கைக் குச்சி நடலாமா. வாசல்படிக்கு டைல்ஸ் ஒட்டலாமா. மகள் கல்யாணத்துக்கு வாசலில் பந்தக்கால் ஊன்றக் குழி தோண்டலாமா. நாக்பூரிலிருந்து ஒரு முறை போன் செய்தார். ஊரில் பலத்த மழை என்று டிவியில் பார்த்தாராம். "ஊட்டுக்கு ஒண்ணும் ஆகலீங்களே சார்?" வீட்டில் அவர் மனைவி இருந்தார். அவரைக் கேட்காமல் என்னைக் கேட்டார்.

அந்த அம்மாள் ஒரு நாள் குடையை மடக்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குள் வந்துவிட்டார். ஒல்லியான, வாய்த்துடுக்கான பெண்.

"ஏனுங்க சாமி, இந்த மனுசன் என்னைய ஊட்டுல குடி வெச்சிருக்காரா, காவலுக்கு வெச்சிருக்காரா? கேட்டுச் சொல்லுங்க."

"என்னம்மா ஆச்சு?"

"செவுத்துல ஒரு ஆணி இல்லீங்க. காலண்டர கட்டலு மேல படுக்கப் போட்டுருக்குது. தேதி பாக்கோணும்னா அதை எழுப்பித்தான் பாக்கோணும். சரி, அது கெடக்குது. அடுப்படியில ஒரு சன்னல் இல்லீங்க. சித்திரை வெயில்ல உள்ளாற நின்னா நானே வெந்து போயிருவேன். மேக்காலச் செவுத்துல ஒரு ஓட்டை போட்டுச் சன்னல் வெய்யின்னா, 'சங்கத்தைக் கேக்கோணும்'ங்கறாரு. சங்கமா ஊட்டுல சோறாக்குது?"

எழுத்தர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும், "சுவத்தை இடிக்கிறதுன்னா மனு எழுதிக் கொடுக்கணும்மா," என்றேன். அது விதிதான். அடமானத்தில் இருக்கும் கட்டடத்தை மாற்றச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. எவரும் அதைப் பார்த்ததில்லை. ஊரில் அடமான வீடுகள் மேல் மாடியே எழும்பியிருக்கிறது. அம்மாள் மனுவில் கைநாட்டு வைத்தார். ஒரு கையெழுத்தில் நான் முடித்திருக்கலாம். தவணை இரண்டு நிலுவை இருந்தது, நிலுவைதாரருக்கு அனுமதி கொடுத்தால் தணிக்கையில் கேள்வி வருமோ என்று கோப்பில் வைத்தேன். கோப்பு மேசையில் கிடந்தது. பிறகு அலமாரிக்குப் போயிற்று.

அடுத்த வருட ஐப்பசியில் அந்த அம்மாள் காய்ச்சலில் இறந்துபோனார். சன்னலுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பில்லை. அதை வைத்து நான் என்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளவும் இல்லை, விடுவித்துக்கொள்ளவும் இல்லை. மனு கொடுத்த பின்னும் இரண்டு கோடைகளை அந்த அடுப்படியில் அவர் கழித்தார் என்பது மட்டும் உண்மை.

காரியம் முடிந்த பிறகு துக்கம் கேட்கப் போனேன். மகள் ஓமலூருக்குத் திரும்பியிருந்தாள். பெரிய கூடம். நான்கு பக்கமும் வெறும் சுவர், அடித்த சுண்ணாம்பு அப்படியே இருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாளின் படத்தைச் சாய்த்து மாலை போட்டிருந்தார். வீட்டில் இருந்ததே அந்த ஒரு நாற்காலிதான். எனக்கு உட்காரக் கொடுக்க அதிலிருந்து படத்தை எடுக்கப் போனார். வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தேன். அவரும் எதிரே உட்கார்ந்தார். படம் எங்களைவிட உயரத்தில் இருந்தது.

"அடிச்சு மாட்டுங்க டிரைவர்," என்றேன். "இது உங்க வீடு."

அவர் தலையைத் தூக்கினார். "எழுதிக் குடுப்பீங்களா சார்?"

நான் சிரித்தேன். எழுதிக் கொடுக்கவில்லை.

அதன்பின் அவருக்கு எல்லாம் இறக்கம்தான். சர்க்கரை வந்து கண்ணைத் தாக்கியது. இடது கண்ணில் பார்வை போயிற்று. முதலாளி நல்லவர், ஆனால் ஒற்றைக் கண்ணனிடம் வண்டி கொடுக்க முடியாது. சில காலம் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தவணை நின்றது. எங்கள் கணக்குமுறையில் தவணை நின்றால் வட்டிக்கு மேல் அபராத வட்டி ஏறும். அதன்பின் எப்போது பணம் கட்டினாலும் அது முதலில் அபராதத்துக்குப் போகும், மிச்சம் இருந்தால் வட்டிக்கு, அதிலும் மிஞ்சினால்தான் அசலுக்கு. மாதம் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கட்டுகிறவரின் அசல் வருடக்கணக்கில் அசையாமல் நிற்கும். இதை யாரிடமும் நாங்கள் விளக்குவதில்லை. ரசீதில் இருக்கிறது என்போம்.

நான் ஓய்வு பெற்ற வருடம், பிப்ரவரியில் சேலத்தில் ஒரு கூட்டம். மாவட்டத்துச் செயலாளர்கள் எல்லோரும் போயிருந்தோம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மேலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி குரலைத் தாழ்த்திச் சொன்னார். கோடையில் அரசு ஒரு சலுகை அறிவிக்கப் போகிறது. அசலையும் வட்டியையும் ஒரே தவணையில் கட்டுகிறவர்களுக்கு அபராத வட்டி முழுவதும் தள்ளுபடி. "மார்ச் முடியற வரைக்கும் வெளியே விடாதீங்க. ஒருத்தனும் கட்ட மாட்டான். வசூல் படுத்துரும்."

மார்ச் கடைசி வாரத்தில் அவர் வந்தார். சட்டைப்பைக்குள் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"முதலாளி கணக்கு முடிச்சுக் குடுத்துட்டாருங்க சார். எங்கூட்டுக்காரி சங்கிலியும் வித்துப்போட்டேன். அசலுக்கும் வட்டிக்கும் சரியா இருக்குதுங்க. அபராதத்துக்குத்தான் பத்தாது."

நான் பேரேட்டைப் பிரித்தேன். அவர் சொன்னது சரி. அபராதம் நீங்கலாக எல்லாவற்றுக்கும் அவர் கையில் இருந்தது. இரண்டு மாதம் பொறுத்தால் அந்தப் பணத்தோடு கடன் முழுதாகத் தீரும், பத்திரம் கைக்கு வரும்.

"இப்பவே கட்டிரட்டுங்களா சார், இல்லாட்டிக் கொஞ்சம் பொறுத்துக் கட்டட்டுங்களா?"

எப்போதும் மேசை விளிம்பைப் பார்த்துப் பேசுகிறவர் அன்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு எதிரே சுவரில் அந்த மாத வசூல் அட்டவணை தொங்கியது. நான் ஓய்வு பெறப்போகும் ஆண்டு. வசூல் இலக்கை எட்டாத சங்கம் என்று பேர் வாங்கிக்கொண்டு வெளியேற விருப்பமில்லை. அவர் கொண்டுவந்த தொகை அதை நிரப்பிவிடும்.

"கட்டிடுங்க டிரைவர். கடனை எதுக்குத் தள்ளிப் போடணும்," என்றேன்.

கட்டினார். முதலில் அபராதம் போயிற்று. பிறகு வட்டி. அசலில் பெரும்பகுதி அப்படியே நின்றது. ரசீதைக் கண்ணருகே கொண்டுபோய் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, மடித்து வைத்துக்கொண்டு போனார்.

மே மாதம் ஆணை வந்தது. சங்க வாசலில் பந்தல் போட்டோம். இந்தச் சலுகையால் வீட்டுக் கடன்காரனுக்கு உண்மையில் பயன் உண்டா என்று இன்றும் என்னைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பேப்பரில் ஒரு தள்ளுபடிச் செய்தி வந்தால் கேட்பார்கள். உண்டு, இல்லை என்று ஒரு சொல்லில் சொல்ல என்னால் முடியவில்லை. முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த ஒருவர். வசதியானவர். எட்டு வருடமாக ஒரு பைசா கட்டாதவர். ஏறியிருந்த அபராதம் மொத்தமும் அவருக்குத் தள்ளுபடியாயிற்று. அதே பந்தலில் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணும் வந்தாள். அண்ணன் தம்பிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவள் கடனைக் கட்டினார்கள். பத்திரத்தை வாங்கியதும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தத் தள்ளுபடி இல்லையென்றால் அந்த வீடு ஏலத்துக்குப் போயிருக்கும். ஆகவே பயனில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. மொத்தமாகக் கட்டப் பணம் இருந்தவர்களுக்குப் பயன்பட்டது. இல்லாதவர்களுக்கு நாங்கள் ஒரு நோட்டீஸ் அனுப்பினோம், இப்படி ஒரு சலுகை இருக்கிறது என்று.

அவரும் வந்தார். புக்கிங் ஆபீஸ்காரர் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், எனக்கு எத்தனைங்க குறையுது?"

சொன்னேன். மார்ச்சுக்குப் பிறகு ஏறிய அபராதம்தான். ஒரு சைக்கிள் டயர் வாங்கலாம்.

புக்கிங் ஆபீஸ்காரர் உரக்கச் சிரித்தார். "ஏனப்பா டிரைவரு, ரெண்டு மாசம் முந்தித்தான கொண்டாந்து கொட்டுன? ஒழுங்காக் கட்டுனவனுக்கு டயரு, கட்டாதவனுக்குத் தேரு. பாத்தியா கவர்மெண்டு கணக்கை?"

"இருக்கட்டுங்க," என்றார் அவர்.

"என்ன இருக்கட்டும்? இந்தக் காசுல உனக்கு என்ன ஆகும்?"

"கொல்லிமலை ஏத்தத்துல வண்டி நின்னு போச்சுன்னா, கிளீனர் குதிச்சுப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லு வெப்பானுங்க. கல்லு வெச்சா வண்டி மேல ஏறாது. ஏத்தறது நாமதான் ஏத்தோணும். ஆனாப் பின்னால உருளாதுங்கல்ல? அதாட்டந்தான் இது. நம்மளையும் நெனச்சு ஒரு கல்லு வெச்சாங்களே."

புக்கிங் ஆபீஸ்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பேரேட்டில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். பெரிய கல் ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தும், வண்டியைப் பின்னால் உருட்டிவிட்டவன் நான்.

மிச்ச அசலைக் கட்டச் சலுகையின் கடைசித் தேதி வரை அவர் அலைந்தார். மருமகனிடம் கேட்டார், முதலாளியிடம் கேட்டார். கிடைக்கவில்லை. அந்தத் தொகை அப்போது என் வங்கிக் கணக்கில் இருந்தது. ஓய்வுக் காலத்துக்கென்று சேர்த்ததில் ஒரு ஓரம். கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டிவரும் என்று பயந்தேன். தேதி கடந்துபோயிற்று.

நான் ஓய்வு பெற்ற வாரம் கடைசியாக ஒன்று கேட்க வந்தார்.

"வடக்கே போலாம்னு இருக்கறேன் சார். ஊடு பூட்டிக் கெடக்கும். பரவால்லீங்களா?"

"கண் இப்படி இருக்கே, யாருங்க வண்டி கொடுப்பாங்க?"

"டிரைவரா இல்லீங்க. கிளீனரா."

அறுபத்து மூன்று வயது. அவரிடம் தொழில் பழகிய ஒரு பையன், இப்போது முப்பது வயது டிரைவர், அவன் வண்டியில் கிளீனராகப் போகிறார். கண்ணாடி துடைக்க, டயர் தட்டிப் பார்க்க, சமைக்க, ஏற்றத்தில் குதிக்க. "போய்ட்டு வாங்க," என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு எனக்கும் காலம் மாறியது. மனைவி காலமாகிவிட்டாள். மகன் வெளிநாட்டில். சூரமங்கலத்தில் ரயில் சத்தம் கேட்கும் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். பகலுக்கு ஒரு பெண் சமைத்து வைத்துவிட்டுப் போவாள். நான்கு வருடம் கழித்து ஒரு காலையில் மணி அடித்தது. திறந்தால் அவர் நின்றுகொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். அந்த உயரம் இப்போது வளைந்திருந்தது. ஜங்ஷனில் இறங்கி, விசாரித்து விசாரித்து வந்ததாகச் சொன்னார்.

உட்காரச் சொன்னேன். கையிலிருந்த பாலிதீன் உறையைப் பிரித்துப் பத்திரத்தையும் அடமான ரத்து ஆவணத்தையும் மேசையில் வைத்தார்.

"முடிஞ்சுதுங்க சார். எல்லாஞ் சரியா இருக்குதான்னு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. அங்க இருக்கற புது ஆளுங்க, 'சரியாத்தான் இருக்குது, போய்யா'ங்கறாங்க."

இரண்டு முறை படித்தேன். எந்தக் குறையும் இல்லை. "சரியா இருக்குங்க டிரைவர். எச்.பி. கேன்சல்."

சிரித்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். "சார் மட்டுந்தானுங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"நானும் மட்டுந்தான். பொண்ணு ஓமலூர் வரச் சொல்லுது. ஊட்ட வாடகைக்கு உடுங்குது. என்ன பண்றதுன்னே தெரியலீங்க. இத்தன நாளு எதுன்னாலும் சங்கத்துல கேட்டுக்கலாம்னு இருந்துச்சு. இப்பப் பத்திரம் கைக்கு வந்துருச்சு, கேக்கறதுக்கு ஆளில்ல."

அந்த மார்ச் மாதத்தை இனிமேலும் மனதுக்குள் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

"டிரைவர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மார்ச்சுல நீங்க பணம் கொண்டாந்தீங்கல்ல, அப்பவே எனக்குத் தெரியும், தள்ளுபடி வரப்போகுதுன்னு. ரெண்டு மாசம் பொறுத்திருந்தா அன்னைக்கே உங்க கடன் தீர்ந்திருக்கும். வசூல் கணக்குக்காக நான் கட்டச் சொல்லிட்டேன்."

ஒரு ரயில் போயிற்று.

"தெரியுமுங்க," என்றார்.

"என்ன தெரியும்?"

"தள்ளுபடி வருதுன்னு. அதுக்கு முந்துன வாரமே டீக்கடையில உங்க கிளார்க்கு சொல்லீட்டாருங்க. இப்ப ஒருத்தருங் கட்டாதீங்க, பொறுங்கன்னாரு. அதானுங்க, எதுக்கும் உங்களக் கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"தெரிஞ்சுமா கட்டுனீங்க?"

"நீங்க கட்டச் சொன்னீங்க." குரலில் குறை இல்லை. குத்தல் இல்லை. "உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சுருமுன்னு நெனச்சேனுங்க."

நான்கு வருடம். ஒற்றைக் கண்ணோடு, தான் பழக்கிய பையனுக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டு. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைக்கூட அவர் ஓர் உத்தரவாகத்தான் எடுத்துக்கொள்வார் என்று தோன்றியது. சொல்லவில்லை.

அவர் ஆவணங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பைக் காலால் துழாவி மாட்டினார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அவருக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அன்று செய்ய எதுவும் இல்லை.

"அப்பக் கெளம்பட்டுங்களா சார்?"

கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார். இருங்கள் என்று ஒரு சொல் சொன்னால் இருப்பார். சாயங்காலம் வரை இருப்பார். நாளைக்கு வாருங்கள் என்றால் நாளைக்கும் வருவார்.

"சரி, கெளம்புங்க," என்றேன்.